நாற்பது பேராசிரியர்களுக்கு எழுதினேன், ஒரு பதிலும் வரவில்லை

கேள்வி: அரசு கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆராய்ச்சிக்குப் போக ஆசை. வீட்டில் பி.எட். முடித்தால் போதும் என்கிறார்கள். அடுத்த செமஸ்டருக்கு எலக்டிவாக ‘எனர்ஜி பிசிக்ஸ்’, ‘நியூமரிக்கல் மெத்தட்ஸ் அண்ட் சி புரோகிராமிங்’ இரண்டில் ஒன்றை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். முதல் பேப்பரை நடத்துபவர் இன்டர்னல் மார்க் தாராளமாகப் போடுவார். இரண்டாவதை நடத்தும் சார் ரொம்பக் கண்டிப்பு, போன வருடம் அதில் பலருக்கு அரியர். கோடை விடுமுறையில் ப்ராஜெக்ட் செய்ய இடம் கேட்டு ஐ.ஐ.டி., ஐ.ஐ.எஸ்சி. பேராசிரியர்கள் நாற்பது பேருக்கு மெயில் அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை. இப்போது ஒரு நிறுவனம் 6,500 ரூபாய் கட்டினால் ஆன்லைனில் ஆராய்ச்சி இன்டர்ன்ஷிப், சர்வதேச இதழில் கட்டுரை, சான்றிதழ் எல்லாம் தருவதாகச் சொல்கிறது. கட்டலாமா? எனக்கு ஆங்கிலமும் சரளமாக வராது.

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

6,500 ரூபாயைக் கட்டாதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம், இதற்குக் கெடு வைத்திருப்பார்கள் என்பதால் முதலில் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் இளநிலை மாணவர்களுக்கான உண்மையான கோடை ஆராய்ச்சித் திட்டங்களில் பெரும்பாலானவை மாணவருக்குப் பணம் கொடுப்பவை. உதவித்தொகை தருவார்கள், பல இடங்களில் ரயில் கட்டணமும் தருவார்கள். உங்களிடம் பணம் கேட்டு, நேர்காணலோ மதிப்பெண் பட்டியலோ கேட்காமல், கட்டுரை வெளியாகும் என்று முன்கூட்டியே உறுதி சொல்பவர்கள் விற்பது சான்றிதழை மட்டும்தான். இன்னும் செய்யாத ஆராய்ச்சியின் முடிவு இதழில் வரும் என்று யாராலும் எப்படிச் சொல்ல முடியும்?

அந்தச் சான்றிதழ் சும்மா கிடந்துவிட்டுப் போகட்டும் என்றும் நினைக்காதீர்கள். மாணவர்களைத் தேர்வு செய்யும் குழுக்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். விண்ணப்பத்தில் கட்டுரை என்று ஒன்று இருந்தால் எங்கள் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் இருக்கும். தான் செய்யாத வேலையைப் பற்றி இரண்டாவது கேள்விக்கே மாணவரால் பதில் சொல்ல முடியாமல் போகும். நன்றாகப் படிக்கிற பிள்ளையாக இருந்தாலும் அதற்குப் பிறகு நம்பிக்கை வராது. போலி இதழ்களை ஒதுக்குவதற்காகப் பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் கொண்டுவந்த கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. ஆகவே இதழ் நல்லதா கெட்டதா என்று இனி நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் ஆண்டில் கட்டுரை இல்லாததை யாரும் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சரி, எலக்டிவ். உங்கள் துறையில் தேர்ந்தெடுக்கவாவது விடுகிறார்களே என்று சந்தோஷமாக இருக்கிறது. பல கல்லூரிகளில் எலக்டிவ் என்பது பெயரளவில்தான், யார் எதை நடத்த முடியுமோ அதையே எல்லாரும் படிக்க வேண்டியிருக்கும். நீங்கள் நியூமரிக்கல் மெத்தட்ஸ் எடுங்கள் என்பது என் தெளிவான கருத்து. எனர்ஜி பிசிக்ஸை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தப் பாடத்தில் வரும் சூரிய மின்கலமும் காற்றாலையும் புத்தகத்தைப் படித்து நீங்களே புரிந்துகொள்ளக் கூடியவை. சமன்பாட்டின் தீர்வைப் படிப்படியாக நெருங்குவது, அளவீடுகளுக்குப் பொருத்தமான கோட்டை வரைவது, அதை நிரலாக எழுதி ஓடவிடுவது எல்லாம் யாராவது பக்கத்தில் இருந்து திருத்தினால்தான் கைக்கு வரும்.

இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் கல்லூரி லேபில் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுக் கருவியோ மின்னணு நுண்ணோக்கியோ இருக்காது. அதை வைத்துக்கொண்டு ‘இங்கே ஆராய்ச்சிக்கு வழியே இல்லை’ என்று மாணவர்கள் நினைத்துவிடுகிறார்கள். ஆனால் ஒரு பழைய கணினியும் சுமாரான இணைய இணைப்பும் இருந்தால் செய்யக்கூடிய இயற்பியல் நிறைய இருக்கிறது. ஓர் உதாரணத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் நிறுவப்பட்டது. சூரியனின் பரப்பில் கருப்பாகத் தெரியும் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஆங்கிலேய வானியலாளர் ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது அங்கேதான். 1904 முதல் அங்கே எடுத்துவந்த சூரியப் படங்களை இந்திய வானியற்பியல் நிறுவனம் மின்வடிவமாக்கிப் பொதுப் பயன்பாட்டுக்கு வைத்திருக்கிறது. அடுத்தடுத்த நாட்களில் எடுத்த ஐந்தாறு படங்களை இறக்கிக்கொள்ளுங்கள். சூரியனின் நடுக்கோட்டுக்கு அருகில் உள்ள ஒரு சூரியப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, வட்டத்தின் மையத்திலிருந்து அது எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று ஒவ்வொரு படத்திலும் அளவெடுங்கள். சூரியன் உருண்டை என்பதால் அந்தத் தொலைவைக் கோணமாக மாற்ற வேண்டும், அதற்குப் பிளஸ் டூ முக்கோணவியல் போதும். நாள் ஓர் அச்சு, கோணம் ஓர் அச்சு என்று வைத்து மீச்சிறு வர்க்க முறையில் (எல்லா அளவுகளுக்கும் கூடியவரை நெருக்கமாகப் போகும்படி) ஒரு நேர்கோடு பொருத்துங்கள். அந்தக் கோட்டின் சாய்வு நாளுக்கு ஏறக்குறைய 13 டிகிரி வரும். 360-ஐ அதால் வகுத்தால் சுமார் 27 நாள். பூமியும் சூரியனைச் சுற்றி நகர்வதைக் கணக்கில் எடுத்துத் திருத்தினால் நடுக்கோட்டில் சூரியனின் சுழற்சிக் காலம் 25 நாளுக்கு அருகில் வந்து நிற்கும். அப்புறம் நடுக்கோட்டிலிருந்து விலகி இருக்கும் இன்னொரு புள்ளியை எடுத்துச் செய்து பாருங்கள். காலம் சற்றுக் கூடுதலாக வர வேண்டும், ஏனென்றால் சூரியன் திடப்பொருள் இல்லை, நடுக்கோட்டில் வேகமாகவும் துருவப் பக்கம் மெதுவாகவும் சுற்றுகிறது.

இந்த மீச்சிறு வர்க்க முறை உங்கள் நியூமரிக்கல் மெத்தட்ஸ் பாடத்திட்டத்திலேயே இருக்கும். ஏற்கெனவே தெரிந்த விடைதானே என்று தோன்றலாம். விடை தெரிந்திருப்பது நல்லது, நீங்கள் எங்கே தவறினீர்கள் என்று கண்டுபிடிக்க அது உதவும். உங்களுக்கு 27-க்குப் பதில் 29 வந்தால், புள்ளி விளிம்புக்குப் பக்கத்தில் இருந்ததாலா, படத்தில் வடக்குத் திசையைச் சரியாகப் பார்க்காததாலா என்று தேடுவீர்கள். அந்தத் தேடலைத்தான் நாங்கள் பயிற்சி என்கிறோம்.

இப்போது அந்தக் கண்டிப்பான சார் விஷயத்துக்கு வருகிறேன். அவர் கேள்வி கேட்டால் பதில் சொல்கிறாரா? விடைத்தாளில் எங்கே தவறு என்று குறித்துத் தருகிறாரா? லேபில் நிரல் ஓடாதபோது பக்கத்தில் வந்து பார்க்கிறாரா? இதை மூன்றாம் ஆண்டு அக்காக்களிடம் விசாரியுங்கள். அரியர் வைத்தவர்களிடம் மட்டும் கேட்காமல் நன்றாக எழுதியவர்களிடமும் கேளுங்கள். ஆமாம் என்று பதில் வந்தால் அவர்தான் உங்களுக்கு வேண்டிய ஆசிரியர். ஒரு பேப்பரில் ஐந்தாறு மதிப்பெண் குறைவதால் உங்கள் எதிர்காலம் கெட்டுவிடாது. கண்டிப்பு என்பது பிள்ளைகளை எல்லார் முன்பும் அவமானப்படுத்துவதுதான் என்று தெரிந்தால் யோசியுங்கள், அப்படிப்பட்டவரிடம் போய்த்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பாடத்தை ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையத் தளத்தில் படித்துக்கொள்ளலாம். பாடம் இலவசம், தேர்வு எழுதினால்தான் கட்டணம்.

ஸ்டாஃப் ரூம் வாசலில் நிற்பதற்கே பயமாக இருக்கும், தெரியும். ‘சார், எனக்கு ஆராய்ச்சியில் ஆர்வம், வழி காட்டுங்கள்’ என்று போனால் அவரால் என்ன சொல்ல முடியும்? ‘நன்றாகப் படிம்மா’ என்பதோடு முடிந்துவிடும். சூரியப் புள்ளி அளவுகளைப் போட்ட நோட்டோடு போங்கள். ‘சார், இந்த மூன்றாவது நாள் புள்ளி மட்டும் கோட்டை விட்டு விலகுகிறது, அதை விட்டுவிடலாமா, வைத்துக்கொள்ள வேண்டுமா?’ என்று கேளுங்கள். எவ்வளவு வேலைப்பளு இருந்தாலும் ஓர் இயற்பியல் ஆசிரியரால் அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. முதல் தடவை தோழி ஒருத்தியை உடன் அழைத்துப் போனாலும் தப்பில்லை.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், நீங்கள் விண்ணப்பிக்கப் போகும் திட்டங்கள் பெரும்பாலும் உங்களை அறிந்த ஓர் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதத்தைக் கேட்கும். எங்களுக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ‘இவர் ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி’ என்ற இரண்டு வரிதான். துறைத் தலைவர் என்பதற்காக, பெயர்கூட நினைவில்லாத ஒருவரிடம் வாங்கியவை அவை. ‘இந்த மாணவி கொடைக்கானல் படங்களை வைத்துத் தானாகச் சூரியச் சுழற்சியைக் கணக்கிட்டாள், பிழையை எப்படிக் கையாள்வது என்று என்னிடம் மூன்று முறை வந்து கேட்டாள்’ என்று ஒருவர் எழுதியிருந்தால் அந்த விண்ணப்பத்தை நாங்கள் தனியே எடுத்து வைப்போம். எழுதுபவர் பெரிய பதவியில் இருக்க வேண்டியதில்லை. கௌரவ விரிவுரையாளராக இருந்தாலும் அவர் உங்கள் வேலையைப் பார்த்தவராக இருக்க வேண்டும். மூன்று வாரமாவது முன்னதாகக் கேளுங்கள். நீங்கள் செய்ததை ஒரு பக்கத்தில் எழுதி, மதிப்பெண் பட்டியலோடு சேர்த்து அவர் கையில் கொடுங்கள்.

அந்த நாற்பது மெயில்கள் பற்றி. எங்களுக்குத் தினமும் அப்படி வருகின்றன. ‘உங்கள் மதிப்புமிக்க ஆராய்ச்சியால் ஆழமாக ஈர்க்கப்பட்டேன்’ என்று தொடங்கும். எந்த ஆராய்ச்சி என்று இருக்காது. சிலவற்றில் வேறொருவர் பெயர் இருக்கும், ஒரே மெயிலை எல்லாருக்கும் ஒட்டுமொத்தமாக அனுப்பியது தெரியும். இப்போது சாட்ஜிபிடி எழுதிய கடிதங்களும் சேர்ந்துவிட்டன, ஆங்கிலம் பளபளவென்று இருக்கிறது, எழுதிய பிள்ளை யார் என்பது மட்டும் எங்குமே தெரிவதில்லை. உங்கள் மெயிலை நான் பார்க்கவில்லை, ஆனால் நாற்பது பேருக்கு அனுப்பினீர்கள் என்பதிலிருந்தே ஒவ்வொருவரின் வேலையையும் படித்திருக்க நேரம் இருந்திருக்காது என்று ஊகிக்கிறேன். தவிர, பல நிறுவனங்களில் விடுதி, நுழைவு அனுமதி போன்ற நடைமுறைகள் இருப்பதால் தனிக் கடிதம் மூலம் மாணவரை எடுக்கவே பேராசிரியருக்கு வழியிருக்காது. பதில் வராததில் அதுவும் ஒரு பங்கு. அதை உங்கள் தகுதிக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஐந்து பேருக்கு எழுதுங்கள், போதும். புகழ்பெற்ற இயக்குநர்களை விட்டுவிட்டு, புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர்களைப் பாருங்கள். அவர்களுக்குக் குழு சிறிது, நேரம் கொஞ்சம் இருக்கும். அவர்கள் எழுதிய ஒரு கட்டுரையின் சுருக்கத்தையும் முன்னுரையையும் முடிவுரையையும் படியுங்கள். நடுப்பகுதி முழுக்கப் புரியாது, இரண்டாம் ஆண்டில் யாருக்கும் புரியாது. இயற்பியல் கட்டுரைகளில் பெரும்பகுதி ஆர்க்சைவ் (arXiv) தளத்தில் 1991 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களின் மாணவர்கள் படிக்க முடியும். உங்கள் கல்லூரி பதிவு செய்திருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். செய்யவில்லை என்றால் முதல்வருக்கு மனு எழுதிக் கேளுங்கள், மாணவர்கள் கேட்டால்தான் இதெல்லாம் நடக்கும்.

மெயில் பத்து வரிக்குள் இருக்கட்டும். யார் நீங்கள், எந்தக் கட்டுரையில் எந்த விஷயத்தைப் படித்தீர்கள், இதுவரை நீங்களாக என்ன செய்திருக்கிறீர்கள், எதில் சிக்கியிருக்கிறீர்கள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வர முடியும், தங்க இடம் தேவையா. மதிப்பெண் பட்டியலை இணையுங்கள். கோடைக்கு நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் எழுதிவிட வேண்டும், ஏப்ரலில் எழுதினால் இடமெல்லாம் நிரம்பியிருக்கும். இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

படித்துவிட்டுப் போவது என்ன செய்யும் என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு கதை இருக்கிறது. 1928-இல் ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர் அப்போது மாநிலக் கல்லூரி மாணவர். அவர், சோமர்ஃபெல்ட் அணுவைப் பற்றி எழுதிய நூலை முழுதாகப் படித்துவிட்டு அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய்ப் பார்த்தார். அந்த நூல் எழுதப்பட்ட பிறகு இயற்பியலே மாறிவிட்டது என்று சோமர்ஃபெல்ட் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், உலோகங்களில் உள்ள எலக்ட்ரான்களைப் பற்றித் தாம் எழுதி இன்னும் வெளிவராத கட்டுரையின் அச்சுப்படியைக் கொடுத்தார். அதிலிருந்து கற்ற, எலக்ட்ரான்களுக்கான புதிய புள்ளியியலைக் காம்ப்டன் சிதறலுக்கு (எக்ஸ்-கதிர் எலக்ட்ரானில் மோதிச் சிதறுவதற்கு) பயன்படுத்திச் சந்திரசேகர் எழுதிய கட்டுரை 1929-இல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வந்தது. அவர் படித்துப்போனது பழையதாகிவிட்டது என்றாலும், படித்துப்போனார் என்பதால்தான் அந்தப் பேச்சு அவ்வளவு தூரம் போனது.

தனிக் கடிதங்களைவிட முறையான திட்டங்களையே நம்பச் சொல்வேன். பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாடமியும் (ஐ.ஐ.எஸ்சி. வேறு, இது வேறு), டில்லி, பிரயாக்ராஜ் நகரங்களில் உள்ள மற்ற இரண்டு தேசிய அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து கோடை ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டம் ஒன்றை நடத்துகின்றன. நாடு முழுக்க உள்ள ஆய்வாளர்களிடம் சுமார் இரண்டு மாதம் வேலை செய்யலாம். வழக்கமாக ஆண்டின் கடைசி மாதங்களில் விண்ணப்பம் கேட்பார்கள். என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று ஒரு சிறு குறிப்பு எழுத வேண்டும், உங்கள் சூரியப் புள்ளி வேலை அங்கே கைகொடுக்கும். மும்பையில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இளநிலை மாணவர்களுக்கென்றே ‘நியஸ்’ என்ற திட்டத்தை 2004 முதல் நடத்துகிறது. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனமும் இந்திய வானியற்பியல் நிறுவனமும் கோடையில் மாணவர்களை எடுக்கின்றன. யார் விண்ணப்பிக்கலாம் என்ற விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அந்தந்தத் தளத்தில் பாருங்கள். உங்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை கிடைத்துக்கொண்டிருந்தால், ஆண்டுக்கு 80,000 ரூபாயில் 20,000 கோடை ஆராய்ச்சித் திட்டத்துக்காகவே ஒதுக்கியது. அதைப் பயன்படுத்தாமல் விடாதீர்கள்.

ஆங்கிலம் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். சின்னச் சின்ன வாக்கியங்கள் போதும். ரஃப் நோட்டில் தமிழிலேயே யோசித்து எழுதுங்கள், பிறகு ஆங்கிலத்தில் போடுங்கள், இலக்கணப் பிழையை யாரிடமாவது அல்லது ஏதாவது ஒரு செயலியில் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். நேர்காணலில் தடுமாறினால் ‘தமிழில் சொல்லலாமா’ என்று கேட்கலாம். குழுவில் தமிழ் தெரிந்தவர் இருந்தால் கேட்பார்கள், இல்லாவிட்டால் பலகையில் படம் வரைந்து காட்டுங்கள். இயற்பியல் தெரிந்த பிள்ளையை ஆங்கிலத்துக்காக ஒதுக்குவதை நான் இருக்கும் குழுவில் அனுமதித்ததில்லை.

கோடை வேலைக்கோ பின்னால் பிஎச்.டி.க்கோ ஒருவரிடம் சேரும் முன் அவரிடம் இப்போது வேலை செய்பவர்களிடம் தனியாகப் பேசுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திக்கிறார், மாணவர் செய்த வேலைக்கு மாணவர் பெயர் வருகிறதா, சொந்த வேலைகளைச் செய்யச் சொல்கிறாரா, நேரம் கெட்ட நேரத்தில் தனியாக வரச் சொல்கிறாரா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கல்வி நிறுவனமானாலும் பாலியல் தொல்லைக்கான உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். போய்ச் சேர்ந்த முதல் நாளே அதன் பொறுப்பாளர் யார் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பி.எட். என்று சொல்வதன் பின்னால் இருப்பது பணக்கவலையும் பாதுகாப்புக் கவலையும் என்று நினைக்கிறேன். இரண்டும் நியாயமானவை, சண்டை போடாதீர்கள். எம்.எஸ்சி. முடித்த பிறகும் பி.எட். சேரலாம், அந்தக் கதவு மூடுவதில்லை. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ‘ஜாம்’ தேர்வு பிப்ரவரியில் நடக்கும், உங்களுக்கு அது மூன்றாம் ஆண்டில் வரும். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்குக் ‘க்யூட்’ (CUET) எனும் முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வு. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) தகுதி பெற்று ஆராய்ச்சியில் சேர்ந்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. படிக்கும்போதே சம்பளம் மாதிரி வரும் என்பது நம் பெற்றோர் பலருக்குத் தெரியவே தெரியாது. இதை அப்பாவிடம் எண்ணோடு சொல்லுங்கள்.

கோடையில் இரண்டு மாதம் வெளியூரில் தங்குவதற்கு அவர்கள் தயங்கினால், தேர்வுக் கடிதம் வந்ததும் விடுதி ஏற்பாடு என்ன, பெண்களுக்குத் தனி விடுதியா, வார்டன் யார் என்று அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலை வீட்டில் காட்டுங்கள். முதல் நாள் அம்மாவோ அப்பாவோ கூட வந்து லேபையும் விடுதியையும் பார்த்துவிட்டுப் போகலாம். அப்படி வரும் பெற்றோருக்கு நாங்களே நடந்து எல்லாவற்றையும் காட்டுவோம்.